துணைக்கு யார்?

1960-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். பில்ட்மோர் என்னும் பெரிய ஓட்டல். அந்த ஓட்டலின் மாடிப்படிகளிலே அன்று பகல் முழுவதும் ஓயாத நடமாட்டம்!

ஒரு மாடியிலே ஜான் கென்னடி. முதல் நாள் இரவுதான் ஜனநாயகக் கட்சி மாநாடு அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தது. இன்னொரு மாடியிலே லிண்டன் ஜான்சன். அதே பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். கென்னடிக்கு 806 ஓட்டு, ஜான்சனுக்கு 409.

வென்றவர் தோற்றவரின் அறைக்குச் சென்றார். துணைத் தலைவர் வேட்பாளராக என்னுடன் நிற்க முடியுமா என்று கேட்டார். செய்தி வெளியே கசிந்தது. கசிந்ததும் ஓட்டலே கொதித்தது!

யார் கொதித்தார்கள்? எதிர்க்கட்சிக்காரர்களா? இல்லை. கென்னடியின் வெற்றிக்காக உழைத்து வந்தவர்கள் கொதித்தார்கள். அவர்களிலும் முன் வரிசையில் நின்றவர்கள் தொழிற்சங்கத் தலைவர்கள். மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்ட்டர் ரூதர் கொதித்தார். அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான ஏ.எப்.எல்.–சி.ஐ.ஓ.வின் தலைவர் ஜார்ஜ் மீனி கொதித்தார். ‘எங்களை ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற எண்ணம் அவர்களிடையே பரவிவிட்டது.

கென்னடியின் தம்பி ராபர்ட் ஜான்சன் இருந்த மாடிக்கும் கென்னடி இருந்த மாடிக்குமாக ஏறி இறங்கினார். இந்த ஏற்பாட்டிலிருந்து ஜான்சன் தாமாகவே விலகிக்கொள்வாரா என்று பார்த்தார். ஜான்சன் விலகவில்லை. அன்றிரவு மாநாட்டு மண்டபத்திலே, எதிர்ப்புக் குரல்களுக்கிடையே, ஓட்டு எண்ணாமல் குரல் ஒலியைக் கொண்டே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

நான்காண்டுக்கு ஒரு முறை அமெரிக்காவிலே தேர்தல் வரும்போதெல்லாம், தலைவர் வேட்பாளர் தமக்குத் துணையாக யாரைச் சேர்த்துக்கொள்வார் என்ற பேச்சே உலகத்து ஏடுகளிலெல்லாம் அடிபடுகிறது. 2024-லும் அடிபட்டது. டிரம்ப் ஒஹையோ மாநிலத்து வான்ஸைச் சேர்த்துக்கொண்டதும், கமலா ஹாரிஸ் மின்னசோட்டா மாநில ஆளுநர் வால்ஸைச் சேர்த்துக்கொண்டதும் வாரக்கணக்கில் அலசப்பட்டன. இரண்டாம் நாற்காலிக்கு ஏன் இத்தனை பரபரப்பு? அது தேர்தலை மாற்றுமா? மாற்றினால் எப்படி மாற்றும்? உழைக்கிறவன் அதிலே கவனிக்க வேண்டியது எது? 1960-இல் அந்த ஓட்டலிலே நடந்தது இதற்கெல்லாம் நல்ல பாடம்.

தொழிலாளி ஏன் கொதித்தான்?

காரணமில்லாமல் கொதிக்கவில்லை, தோழர்களே!

1947-இல் அமெரிக்கப் பேரவை ‘டாஃப்ட்–ஹார்ட்லி’ என்றொரு சட்டத்தை நிறைவேற்றியது. சங்கத்தில் இருப்பவனை மட்டுமே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று முதலாளியோடு சங்கம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை அது தடை செய்தது. நாட்டின் நலனுக்கு ஆபத்து என்று அரசு கருதினால், வேலைநிறுத்தத்தை 80 நாள் தள்ளிவைக்க வழி செய்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு சங்கத்தில் சேர வேண்டும் என்ற ஒப்பந்தத்தைக்கூடத் தடை செய்யலாம் என்று மாநிலங்களுக்கு உரிமை கொடுத்தது. அன்றைய குடியரசுத் தலைவர் ட்ரூமன் அந்தச் சட்டத்தை மறுத்துத் திருப்பி அனுப்பினார். பேரவை அவர் மறுப்பையும் மீறி நிறைவேற்றியது. அப்படி நிறைவேற்ற ஓட்டளித்தவர்களில் டெக்சாஸ் மாநிலத்து இளம் உறுப்பினர் ஒருவரும் இருந்தார். அவர்தான் லிண்டன் ஜான்சன்!

1959-இல் இன்னொரு சட்டம், ‘லாண்ட்ரம்–கிரிஃபின்’. சங்கங்களின் உள் விவகாரங்களை அரசாங்கக் கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவந்த சட்டம். மறியல் உரிமைக்கும் கட்டுப்பாடுகள் போட்ட சட்டம். அது நிறைவேறியபோது செனட் சபையிலே பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக வீற்றிருந்தவர் யார்? அதே ஜான்சன்!

எண்ணெய்க் கிணறுகளின் சொந்தக்காரர்களும் பண்ணையார்களும் நிறைந்த மாநிலத்திலிருந்து வந்தவர். கறுப்பின மக்களை ஓட்டுச் சாவடிப் பக்கமே வரவிடாத தென்னாட்டு அரசியலிலே வளர்ந்தவர். இவரையா எங்கள் தோளில் தூக்கிவைப்பது என்று சங்கத் தோழர்கள் கேட்டனர். அவர்கள் விரும்பியது மின்னசோட்டாவின் ஹ்யூபர்ட் ஹம்ப்ரியைப் போன்ற ஒருவரை. மறியல் களத்துக்கு அஞ்சாதவரை. கேள்வியிலே நியாயம் இருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

கென்னடி போட்ட கணக்கு

கென்னடி வேறு கணக்குப் போட்டிருந்தார். அதைப் புரிந்துகொள்ள அமெரிக்கத் தேர்தல் முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாடு முழுவதும் எண்ணி, யாருக்கு அதிக ஓட்டோ அவர்தான் தலைவர் என்பதல்ல அங்குள்ள முறை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று தேர்வாளர் ஓட்டுகள் உண்டு. பெரும்பாலும் ஒரு மாநிலத்திலே ஒரே ஒரு ஓட்டு முந்தினாலும் போதும், அந்த மாநிலத்தின் தேர்வாளர் ஓட்டுகள் அத்தனையும் முந்தியவருக்கே. 1960-இல் மொத்தம் 537 தேர்வாளர் ஓட்டுகள். வெல்ல 269 வேண்டும். டெக்சாஸ் மாநிலம் ஒன்றிற்கே 24!

கென்னடி யார்? வடகிழக்கிலுள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தவர். 43 வயது. செல்வக் குடும்பத்துப் பிள்ளை. அதற்கெல்லாம் மேலாக, கத்தோலிக்கர். புராட்டஸ்டண்டுகள் நிறைந்த தென் மாநிலங்களிலே அது அந்நாளில் சின்னச் சங்கதியல்ல. 1928-இல் ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் அதே கட்சியின் சார்பிலே நின்றார். அதுவரை கட்சியின் கோட்டையாக இருந்த டெக்சாஸும் வர்ஜீனியாவும் வட கரோலினாவும் ஃபுளோரிடாவும் அவரைக் கைவிட்டன. 1952-இலும் 1956-இலும் டெக்சாஸ் எதிர்க்கட்சி ஐசன்ஹோவரின் பின்னே போயிற்று. மீண்டும் அது போனால்? அதன் பின்னே மற்ற தென் மாநிலங்களும் போனால்?

தம்மிடம் இல்லாதது எது என்று கென்னடி பார்த்தார். தெற்கு இல்லை. பேரவையை நடத்திய அனுபவம் இல்லை. புராட்டஸ்டண்டு வீட்டு வாசலிலே போய் நிற்கக்கூடிய முகம் இல்லை. மூன்றும் ஜான்சனிடம் இருந்தன. தம்மைப் போலவே இன்னொருவரைத் தேடாமல், தம்மிடம் இல்லாததை உடையவரைத் தேடினார். துணை தேடுகிறவன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். நீச்சல் தெரியாதவன், நீச்சல் தெரியாத இன்னொருவனைத் துணைக்கழைத்து ஆற்றில் இறங்கி என்ன பயன்?

அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளத் தொழிற்சங்கங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. எதிரே நிக்சன் நிற்கிறார் என்பதையும் எண்ணிப் பார்த்தார்கள். ஆகஸ்டு மாதத்திலே ஏ.எப்.எல்.–சி.ஐ.ஓ. கென்னடி–ஜான்சன் அணிக்கு ஆதரவை அறிவித்தது. கசப்பு தீரவில்லை, கடமை முன்னே நின்றது.

இரு துணைவர்கள், இரு வழிகள்

பெயரைச் சேர்த்துக்கொண்டால் மட்டும் ஓட்டு வந்துவிடுமா? வராது. எதிர்முகாமிலே நடந்ததைக் கேளுங்கள்.

குடியரசுக் கட்சியின் நிக்சன் தேர்ந்தெடுத்த துணைவர் ஹென்றி காபட் லாட்ஜ். ஐ.நா. மன்றத்திலே அமெரிக்காவின் தூதராக இருந்தவர். தொலைக்காட்சியிலே ரஷ்யத் தூதருக்குப் பதிலடி கொடுத்துப் பேர் வாங்கியவர். உலக விவகாரம்தான் தேர்தலின் முக்கியப் பிரச்சினை, அதிலே லாட்ஜுக்கு நிகர் இல்லை என்று நிக்சன் எண்ணினார்.

ஆனால் லாட்ஜ் எந்த மாநிலத்தவர்? கென்னடியின் மாசசூசெட்ஸ்! 1952-இல் செனட் சபைத் தேர்தலிலே கென்னடியிடமே தோற்றவர்! அந்த மாநிலத்தை அவர் வாங்கிக் கொடுக்கப் போவதில்லை. அவர் போக்கும் கனவான் போக்கு. பகலுணவுக்குப் பின் ஓய்வெடுத்துக்கொண்டுதான் அடுத்த கூட்டம்.

அதுவும் போகட்டும். அக்டோபர் 12-ஆம் நாள் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியிலே பேசிய லாட்ஜ், நாங்கள் வென்றால் அமைச்சரவையிலே கறுப்பினத்தவர் ஒருவர் இடம் பெறுவார் என்று வாக்களித்தார். நல்ல வாக்குறுதிதான். ஆனால் நிக்சனைக் கலந்துகொள்ளாமல் கொடுத்த வாக்குறுதி! தெற்கிலே வெள்ளையர் ஓட்டைக் குறி வைத்துக்கொண்டிருந்த நிக்சன் முகாம், அப்படி ஒரு வாக்குறுதி இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. லாட்ஜும் பின்வாங்கிப் பேச வேண்டியதாயிற்று. விளைவு? வாக்குறுதி கொடுத்ததால் தெற்கிலே கோபம். பின்வாங்கியதால் வடக்கிலே கறுப்பின மக்களுக்கு ஏமாற்றம். இரண்டு பக்கமும் இழப்பு! தலைவர் ஒன்று பேச, துணைவர் வேறொன்று பேசினால் ஊர் இருவரையுமே நம்பாது.

ஜான்சன் என்ன செய்தார்? அக்டோபரிலே ஒரு தனி ரயில் ஏறினார். வர்ஜீனியாவிலே தொடங்கி நியூ ஆர்லியன்ஸ் வரை, தென் மாநிலங்களின் சிற்றூர் ஸ்டேஷன்களிலெல்லாம் ரயில் நின்றது. கடைசிப் பெட்டியின் பின்மேடையிலே நின்று, தன் ஊர்க்காரர்களிடம் பேசுவது போலவே பேசினார். கல்பெப்பர் என்ற சிற்றூரிலே வண்டி புறப்பட்ட பின்னும், உங்கள் ஊருக்கு நிக்சன் என்ன செய்தார் என்று கேட்டுக்கொண்டே போனார். உள்ளூர்த் தலைவர்கள் ரயிலிலே ஏறினார்கள். ஏறியவர்களிடம் தனித்தனியாகப் பேசினார். ஒதுங்கி நிற்க நினைத்தவர்களையும் கட்சிப் பக்கம் இழுத்தார்.

கத்தோலிக்கர் பிரச்சினையையும் அவர் மூடி மறைக்கவில்லை. கென்னடியின் அண்ணன் 1944-இல், உலகப் போரின்போது, வெடிமருந்து ஏற்றிய விமானம் வெடித்து இறந்தார். அதே விமானத்தில் உடனிருந்து மாண்டவர் ஒரு டெக்சாஸ்காரர். அவர்கள் சாகும்போது எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று யாராவது கேட்டார்களா என்று ஜான்சன் கூட்டங்களிலே கேட்டார். இந்தக் கேள்வியை வடக்கத்திக் கென்னடி கேட்டிருந்தால் தென்னாட்டார் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். தங்கள் ஊர்க்காரர் கேட்டதால் நின்று கேட்டார்கள். வேட்பாளர் சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டிய இடத்திலே சொல்லுவது துணைவரின் வேலை.

ஓட்டல் வாசலில் அரை மணி நேரம்

ஓட்டுப் பதிவுக்கு நான்கு நாள் முன்பு, நவம்பர் 4-ஆம் நாள். டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரம். ஜான்சனும் அவர் மனைவியும் அடால்ஃபஸ் ஓட்டலுக்குள் போக வேண்டும். எதிர்க்கட்சிக்காரர்களின் பெருங்கூட்டம் வழி மறித்தது. பரட்டைத் தலைக் கும்பலல்ல. விலையுயர்ந்த உடை உடுத்திய சீமாட்டிகள்! கூச்சல், வசை, எச்சில். சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய இடத்தைக் கடக்க அவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போலீசாரின் உதவியை அவர் நாடவில்லை. மனைவியைக் கையோடு பிடித்துக்கொண்டு, அடி அடியாக நடந்தார். புகைப்படக்காரர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

மறுநாள் டெக்சாஸ் முழுவதும் அந்தப் படங்களைப் பார்த்தது. கட்சி எதுவானால் என்ன, நம் ஊர்ப் பெண்பிள்ளையை இப்படியா நடத்துவது என்ற முணுமுணுப்பு எழுந்தது. கூச்சல் போட்டவர்கள் யாருக்கு ஓட்டுச் சேர்த்தார்கள் என்பது நவம்பர் 8-ஆம் நாள் தெரிந்தது.

டெக்சாஸிலே கென்னடி–ஜான்சன் அணி ஏறத்தாழ 46,000 ஓட்டு வித்தியாசத்திலே வென்றது. ஓட்டுப் போட்டவர்களோ 20 லட்சத்துக்கு மேல்! வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, லூசியானா, ஆர்கன்சா ஆகியவையும் கிடைத்தன. முடிவு: கென்னடிக்கு 303 தேர்வாளர் ஓட்டு, நிக்சனுக்கு 219.

இங்கே ஒரு கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். டெக்சாஸ்தான் கென்னடியை வெற்றி பெறச் செய்தது என்று பலர் எழுதுவார்கள். டெக்சாஸின் 24-ஐக் கழியுங்கள். 279 மிஞ்சும். 269 போதுமே! ஆகவே டெக்சாஸ் மட்டும் போயிருந்தால் கென்னடி தோற்றிருக்கமாட்டார். ஆனால் அதோடு வட கரோலினாவின் 14-ஐயும் தென் கரோலினாவின் 8-ஐயும் கழியுங்கள். 257. பெரும்பான்மை இல்லை! ஜான்சனின் பணி ஒரு மாநிலத்தோடு நிற்கவில்லை. ரயில் போன பாதையிலே பார்த்தால்தான் அதன் பயன் தெரியும்.

அவசரத்தின் விலை

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு.

1972. அதே ஜனநாயகக் கட்சி. மியாமி பீச்சிலே மாநாடு. வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன். உட்பூசலிலேயே நாட்கள் கழிந்தன. துணைவரைத் தேர்ந்தெடுக்க மிஞ்சியது சில மணி நேரமே. பெரும் புள்ளிகள் சிலர் மறுத்தார்கள். மிசௌரி மாநில செனட்டர் தாமஸ் ஈகிள்டனுக்கு அழைப்புப் போயிற்று. அவரைப் பற்றி ஆழ்ந்து விசாரிக்க நேரமில்லை. மெக்கவர்ன் தம் ஏற்புரையை நிகழ்த்தியபோது விடியற்காலை ஏறத்தாழ மூன்று மணி. நாட்டு மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்!

இரண்டு வாரம் ஆகவில்லை. 1960-களில் மூன்று முறை மனச்சோர்வு நோய்க்காக மருத்துவமனையிலே இருந்ததையும், மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதையும் ஈகிள்டன் வெளியே சொல்ல நேர்ந்தது. நோய் எவருக்கும் வரும்; அது குற்றமல்ல. அதன் பிறகும் ஈகிள்டன் 1987 வரை செனட் சபையிலே நன்றாகவே பணியாற்றினார். அப்படியானால் பிழை எங்கே?

மெக்கவர்ன் முதலிலே, ஈகிள்டனின் பின்னே நான் ஆயிரம் சதவிகிதம் நிற்கிறேன் என்றார். சில நாட்களிலே அவரை விலகச் சொன்னார். பதினெட்டு நாளிலே துணைவர் போனார்! அடுத்த துணைவரைத் தேடி ஆள் ஆளாகக் கேட்டார், பலர் மறுத்தார்கள். கடைசியில் சார்ஜண்ட் ஷ்ரைவர் ஒப்புக்கொண்டார். கேட்காமல் சேர்த்தார், சேர்த்ததைக் காக்கவில்லை, விட்டதையும் ஒழுங்காக விடவில்லை. தேர்தலுக்கு முன்பே பின்தங்கி இருந்தவர்தான் அவர். ஏ.எப்.எல்.–சி.ஐ.ஓ.வும் அம்முறை எவருக்கும் ஆதரவு தரவில்லை. ஆனால் ஈகிள்டன் விவகாரத்துக்குப் பின், அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போயிற்று. 50 மாநிலங்களில் மாசசூசெட்ஸ் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. தலைநகர் வாஷிங்டனையும் சேர்த்து 17 தேர்வாளர் ஓட்டு!

2008-இல் குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் வேறு விதமாகத் தடுமாறினார். எதிரே நின்றவர் ஒபாமா. அவருக்கு அனுபவம் போதாது என்பதுதான் மெக்கெய்னின் பெரிய வாதம். ஆகஸ்டு 29-ஆம் நாள், தமது 72-ஆவது பிறந்த நாளிலே, அலாஸ்கா மாநில ஆளுநர் சாரா பேலினைத் துணைவராக அறிவித்தார். ஆளுநராகி இரண்டாண்டுகூட நிறையாதவர்! மாநாட்டிலே பேலின் பேசிய பேச்சு கட்சித் தொண்டர்களைத் துள்ள வைத்தது. சில நாள் மெக்கெய்னுக்கு முன்னேற்றமும் தெரிந்தது. பிறகு பத்திரிகையாளர் கேட்ட எளிய கேள்விகளுக்கே பேலின் திணறியதை நாடு பார்த்தது. செப்டம்பர் 15-ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாயிற்று. வேலையும் வீடும் போகும் என்ற அச்சம் பிடித்தது. மெக்கெய்னைத் தோற்கடித்தது பெரும்பாலும் அந்தப் பொருளாதார வீழ்ச்சிதான். ஆனால், நெருக்கடி வந்த வேளையிலே ‘அனுபவம்’ என்ற ஆயுதம் அவர் கையில் இல்லை. அதைத் தாமே மழுக்கி வைத்திருந்தார்! வேறு ஒருவரை, செனட்டர் லீபர்மனைத் தேர்ந்தெடுக்காமல் போனேனே என்ற வருத்தத்தை 2018-இல் தம் நூலிலே அவரே வெளியிட்டார்.

ஆகவே பாருங்கள். துணைவரைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் சிலரே. துணைவரைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்த்துத் தலைவரை எடை போடுகிறவர்கள் மிகப் பலர். ஆட்சிக்கு வருமுன்பே ஒருவர் எடுக்கும் முதல் பெரிய முடிவு அது. நிதானமாக எடுக்கிறாரா, பதற்றத்தில் எடுக்கிறாரா? எடுத்த முடிவிலே நிற்கிறாரா? தம் பலவீனத்தை அறிந்தவரா, கைதட்டலுக்கு மயங்குகிறவரா? ஊர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இருபத்துநான்கு ஓட்டு, ஒரு நாடு

இத்தோடு கதை முடிந்தால், இது வெறும் தேர்தல் தந்திரம் பற்றிய கதை. முடியவில்லை.

1963-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள். அதே டல்லாஸ் நகரம். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று பிற்பகலே, விமானத்துக்குள் நின்றபடி, ஜான்சன் குடியரசுத் தலைவராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். டெக்சாஸின் 24 ஓட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர் கையிலே முழு நாடும் வந்து சேர்ந்தது!

இது ஏதோ ஒரு தடவை நடந்த விபத்தல்ல. அமெரிக்க வரலாற்றிலே ஒன்பது துணைத் தலைவர்கள் இடையிலேயே தலைவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். எட்டுப் பேர், தலைவர் இறந்ததால். ஒருவர், 1974-இல் நிக்சன் பதவி விலகியதால். 1944-இல் ரூஸ்வெல்ட்டின் துணைவராக இருந்த ஹென்றி வாலஸைக் கட்சிப் பெரும்புள்ளிகள் ஒதுக்கிவிட்டு ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். ட்ரூமன் துணைத் தலைவராக இருந்தது 82 நாள் மட்டுமே. ரூஸ்வெல்ட் இறந்தார். ஹிரோஷிமாவின் மீது குண்டு விழுந்தபோது ஆட்சியிலே இருந்தவர் ட்ரூமன்!

ஜான்சன் என்ன செய்தார்? 1960-இல் அவரைக் கண்டு கொதித்த தொழிலாளத் தோழர்கள் வியக்கும்படி நடந்தார். தென்னாட்டு செனட்டர்கள் வாரக்கணக்கிலே பேசிப் பேசித் தடுத்துவந்த சம உரிமைச் சட்டத்தை நிறைவேற்ற முன்னின்றார். 1964 ஜூன் 10-ஆம் நாள் அந்தத் தடைப்பேச்சை 71-க்கு 29 என்ற ஓட்டிலே செனட் முடித்துவைத்தது. ஜூலையிலே சட்டம் வந்தது. 1965-இல் கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைக் காக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டிலே முதியோருக்கு மருத்துவச் செலவை ஏற்கும் ‘மெடிகேர்’ திட்டம் வந்தது. பேரவையின் உள்வழிகளெல்லாம் தெரிந்த ஒருவராலேயே இவற்றை அவ்வளவு விரைவாகச் செய்ய முடிந்தது. 1964-இல் தமக்குத் துணைவராக அவர் தேர்ந்தெடுத்தது யாரை? தொழிற்சங்கங்கள் விரும்பிய அதே ஹம்ப்ரியை!

டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்திலே மாநிலங்களுக்குத் தடை உரிமை கொடுத்த பகுதியை நீக்கவும் அவர் ஆதரவு தந்தார். 1965-இல் கீழ்ச்சபை நிறைவேற்றியது. செனட் சபையிலே தடைப்பேச்சு அதைக் கொன்றது. பழைய கடன் முழுவதும் தீரவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அதே ஜான்சன்தான் வியத்நாம் போரைப் பெருக்கினார். 1965-இல் தரைப்படையை இறக்கினார். 1968-இல் அங்கே இருந்த அமெரிக்கப் படையினர் 5 லட்சத்துக்கு மேல். அந்தப் போர் முடிவதற்குள் 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர் மாண்டார்கள். மாண்ட வியத்நாமியரோ அதற்கும் பல மடங்கு. படைக்குப் போனவர்களிலே பெரும்பாலோர் யார் வீட்டுப் பிள்ளைகள்? ஆலைத் தொழிலாளியின் பிள்ளைகள், உழவனின் பிள்ளைகள், கறுப்பின ஏழையின் பிள்ளைகள். மருத்துவ உதவி கொடுத்த கையே, படைக்கு ஆள் கேட்கும் உத்தரவிலும் கையெழுத்திட்டது.

இதையெல்லாம் 1960 ஜூலையிலே, பில்ட்மோர் ஓட்டலின் மாடிப்படிகளிலே, யார் எண்ணிப் பார்த்தார்கள்? கென்னடி முகாம் தேர்வாளர் ஓட்டை எண்ணியது. தொழிற்சங்கத் தலைவர்கள் 1947-ஐயும் 1959-ஐயும் எண்ணினார்கள். நாளை இவர் நாற்காலியில் அமர்ந்தால் என்ன செய்வார் என்ற கேள்வி, சந்தடியிலே அடிபட்டுப் போயிற்று.

கேட்க வேண்டிய கேள்வி

துணைத் தலைவர் வேட்பாளரால் தேர்தல் மாறுமா? மாறும். ஆனால் பெயர்ப் பலகையாலே மாறாது. அவர் போய் உழைத்தால் மாறும். தலைவர் போக முடியாத ஊருக்குப் போய், தலைவர் பேச முடியாததைப் பேசி, தலைவரோடு ஒரே குரலிலே பேசினால் மாறும். ஜான்சன் செய்தார், கென்னடி வென்றார். லாட்ஜ் செய்யவில்லை, நிக்சன் தோற்றார். ஆராயாமல் சேர்த்துக்கொண்டு கைவிட்டால், அதனாலும் தேர்தல் மாறும் — தோல்வியின் பக்கம்! மெக்கவர்ன் அதற்குச் சான்று.

இது தேர்தல் வேலை பார்க்கிறவர்களுக்கு. ஓட்டுப் போடுகிற உழைப்பாளிக்கு வேறொரு பாடம் உண்டு.

இவர் எந்த மாநிலத்து ஓட்டைக் கொண்டுவருவார் என்று ஏடுகள் கேட்கும். எந்தக் கூட்டத்தாரின் மனத்தைக் குளிர்விப்பார் என்று ஆய்வாளர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அது அவர்கள் தொழில். உழைக்கிறவன் கேட்க வேண்டியது வேறு. இவர் நாளைக்கே தலைவராகிவிட்டால் என் கூலி என்னவாகும்? என் சங்கம் என்னவாகும்? நோயுற்ற என் தாய்க்கு மருந்து கிடைக்குமா? என் பிள்ளையைப் போருக்கு அனுப்புவாரா?

ஒன்பது முறை அந்த ‘நாளைக்கே’ வந்திருக்கிறது. இனியும் வராது என்று யார் சொல்ல முடியும்? அதனால், தலைவரை எடை போடும் தராசிலேயே துணைவரையும் நிறுத்திப் பாருங்கள், தோழர்களே! ஓட்டுச் சீட்டிலே இரண்டு பெயரும் சேர்ந்தேதான் இருக்கின்றன. போடுகிற குறி இருவருக்கும் சேர்த்துத்தான்.